சுவிட்சுப் பக்கம் ஒரு ஆள்

மார்ச் 3, திங்கள்

கடைசல்காரரின் தம்பிக்கு,

நேற்று நீங்கள் ஏழு தடவை போன் செய்தீர்கள். ஏழு தடவையும் கட் செய்தது நான்தான். போனும் கெட்டுப் போகவில்லை, நானும் செத்துப் போகவில்லை. போன வாரம் ஒரு தடவை எடுத்தேன். "அண்ணி" என்று ஒரு சொல்தான் சொன்னீர்கள். கையிலிருந்த பாத்திரம் நழுவிவிட்டது. அது உங்கள் அண்ணன் குரல். அவர் இருந்தபோதே பட்டறைக்குள்ளிருந்து சத்தம் வந்தால், "கூப்பிட்டது பெரியவரா, சின்னவரா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்து வருவேன். இப்போது பெரியவர் இல்லை, குரல் மட்டும் இருக்கிறது. அதைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. சொல்ல வேண்டியது இருந்தால் எழுதுங்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள். என் எழுத்தைப் பார்த்துச் சிரித்தாலும் இங்கே கேட்காது.

அவர் போய் இன்றோடு ஐம்பத்திரண்டு நாள். மெஷினைக் கழற்றி யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னீர்களாம், ஆணிக்கடைக்காரர் வந்து சொன்னார். கொடுக்க மாட்டேன்.

தெருவில் என்ன பேச்சு தெரியுமா? "கை நிதானம் போயிருக்கும், வயசாகுதில்ல" என்று ஆணிக்கடைக்காரர் மனைவி என் காதுபடவே சொன்னாள். இருபத்திரண்டு வருஷம் உளி பிடித்த கை. ஒரு நாற்காலிக் கால் கோணிப் போனதுண்டா? குடையும்போது மேளக்கட்டை வெடித்து நெஞ்சில் அடித்தால் அது கையின் தப்பா?

கனமான கட்டை ஓடும்போது சுவிட்சுப் பக்கம் ஒரு ஆள் நிற்க வேண்டும். இந்தப் பட்டறையின் சட்டம் அது. அந்த ஆள் நீங்கள். மரம் காயவில்லை என்று நீங்கள், காய்ந்துவிட்டது என்று அவர். அதற்கு ஒன்பது நாள் சண்டை. ஒரே மெஷினுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு ஒரு வார்த்தை இல்லை, எல்லாம் சாக்பீஸில்தான். வட்டம் போட்டால் இன்னும் சீவு, கோடு போட்டால் நிறுத்து. அது வேலைக்கு ஆன பாஷை. அது போதாமல் அவர் டம்ளரில் நீங்கள் பெருக்கல் குறி, உங்கள் ஸ்டூலில் அவர் பெருக்கல் குறி. அவர் உளிப்பெட்டியில் நீங்கள் கழுதை வரைந்தீர்கள். அவர் அதற்கு நீளமாக வால் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். நான் சிரித்தேன். பத்தாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் போய்விட்டீர்கள். மறுநாள் காலை அவர் தனியாக நின்றார். "நான் நிக்கிறேன்" என்றேன். "ரெண்டு நிமிஷம், நீ போய் டீயப் போடு" என்றார். டீ கொதிக்கவில்லை, அதற்குள் அந்தச் சத்தம்.

ஒரே மரத்தை இரண்டாக அறுத்த ஜோடியில் இன்னொரு கட்டை மேஜைக்கடியில் சாக்குக்குள் இருக்கிறது. மேளக்காரர் வந்தார். பாவம், வாசலிலேயே நின்று, "ஜோடி வேண்டாம்மா. ஒண்ணும் வேண்டாம். நீங்க நல்லா இருந்தாப் போதும்" என்றார். நான் ஒன்று தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதை நானே கடைவேன். அதே மரம், அதே மெஷின், அதே உளி. அது முழுசாக வந்துவிட்டால் மரமும் தப்பில்லை, கையும் தப்பில்லை, சுவிட்சுப் பக்கம் ஆள் இல்லாததுதான் தப்பு என்று ஊருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

காரியத்துக்கு நீங்கள் வந்த அன்று வாசலில் வைத்துச் சொன்னதை மறுபடி சொல்கிறேன். இந்தப் படியை மிதிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
அவர் மனைவி

*

மார்ச் 8, சனி

அன்புள்ள அண்ணிக்கு,

பன்னிரண்டு வருஷமாக "டேய் சுருள், வாடா, தின்னுட்டுப் போடா" என்று கூப்பிட்ட வாய். இப்போது "நீங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். உளிக்காம்பால் இரண்டு போட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டு நின்றிருப்பேன். இந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை.

இங்கே ஒரு அறையில் நான்கு பேர். என் தலைக்கு நேரே மேலே ஒருத்தன் படுக்கிறான். அவன் புரண்டால் எனக்கு நிலநடுக்கம். தொழிற்சாலையில் மேஜைக்கால் கடைகிறார்கள் என்று பேர், கடைவது மெஷின். நான் கட்டையை உள்ளே தள்ளிவிடுகிறவன். ஒரு நாளைக்கு அறுநூறு கால், அறுநூறும் ஒரே மாதிரி. அண்ணன் பார்த்தால் "இதுக்கு நீ எதுக்குடா, ஒரு செங்கல்ல வச்சாப் போதுமே" என்பார். உளியைத் தொட்டு இரண்டு மாதம் ஆகிறது. தொடப் போவதும் இல்லை.

சரி. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அந்தக் கட்டையைத் தொடாதீர்கள்.

உங்களுக்குக் கை வராது என்று சொல்லவில்லை. ஸ்டூல் கால், கைப்பிடி எல்லாம் என்னைவிடச் சுத்தமாகச் செய்வீர்கள், உப்புத்தாள் பிடித்தால் உங்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மேளக்கட்டை குடைவது வேறு. வெளியே சீவும்வரை இரண்டு முனையும் பிடிமானம். குடையும்போது ஒரு பக்கம்தான் இரும்புத் தட்டில் இருக்கும், வாய்ப்பக்கம் வெறும் காற்று. அதற்குள் உளியை விட வேண்டும். நமக்கு அந்த மரமே வேண்டாம், அண்ணி. அடுப்புக்குக்கூட வேண்டாம். சாக்கோடு தூக்கி வெளியே போடுங்கள். வேறு நல்ல கட்டை நானே தேடி அனுப்புகிறேன்.

ஏன் என்று கேட்காதீர்கள். சில விஷயம் தெரியாமல் இருப்பதே நல்லது. செத்துப்போனவருக்கும் அதுதான் மரியாதை.

சுவிட்சுப் பக்கம் நான் இல்லை. உண்மை. அதை நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.

அன்புடன்,
சுருள்

*

மார்ச் 13, வியாழன்

கடைசல்காரரின் தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது கட்டை மெஷினில் ஏறிவிட்டது.

லாரிக்காரரிடம் ஜாக்கி இரவல் வாங்கினேன். ஒரு பலகையைச் சாய்த்து, சாக்கோடு உருட்டி ஏற்றி, ஜாக்கி வைத்து அங்குலம் அங்குலமாகத் தூக்கினேன். நீங்கள் இரண்டு பேரும் "ம்" என்று தூக்கி வைப்பதை நான் அரை நாள் வைத்தேன். ஆனாலும் வைத்துவிட்டேன். இரும்புத் தட்டுக்கு ஆறு திருகு, ஆறும் முறுக்கியாயிற்று. எதிர்முனையைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தேன். கையால் சுற்றிப் பார்த்தேன். முனகாமல் சுற்றியது.

முதல் இரண்டு நாள் பயம். கட்டை இன்னும் வட்டமாகவில்லை, உளி பட்டால் தட் தட் தட் என்று கை முழங்கைவரை உதறும். அப்புறம் அவர் சொல்வது ஞாபகம் வந்தது. "உளியோட முதுகு முதல்ல மரத்துல உக்காரட்டும். அப்புறம் வாய் தானா கடிக்கும். நீயா போய்க் கடிக்காத." அப்படியே செய்தேன். மூன்றாம் நாள் சீவல் நாடா மாதிரி நீளமாக வந்து தோள்மேல் விழுந்தது. நான் அழவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அவ்வளவுதான். இப்போது நடுவில் பருத்து இரண்டு பக்கமும் ஒடுங்கி வெளி உருவம் வந்துவிட்டது. சாயங்காலம் தட்டிப் பார்க்கிறேன். மரம் நன்றாகத்தான் பேசுகிறது.

சுவிட்சுப் பக்கம் ஆள் வேண்டும் என்பது சட்டம் அல்லவா? ஆள் இல்லை. அதனால் மெயின் சுவிட்சின் கைப்பிடியில் கயிறு கட்டி, கொக்கி வழியாகக் கொண்டுவந்து என் இடுப்பில் முடிந்திருக்கிறேன். நான் பின்னால் சாய்ந்தால் கைப்பிடி இறங்கும், மெஷின் நிற்கும். விழுந்தாலும் நிற்கும். ஆளைவிடக் கயிறு மேல். கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போகாது.

நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "செத்துப்போனவருக்கு மரியாதை" என்றால் என்ன அர்த்தம்? அவர் என்ன மரியாதைக் குறைவாகச் செய்தார்? ஊர் சொல்வதைத்தான் நீங்களும் சொல்கிறீர்களா? கை நடுங்கிற்று என்றா? மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி எழுதினால் எனக்குப் புரியாது. மரத்தில் என்ன? அவரிடம் என்ன? பட்டென்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் சும்மா இருங்கள்.

கட்டையின் இரண்டு முகத்திலும், காய்ந்து வெடிக்காமலிருக்க நான் பூசிய பழைய மெழுகு அப்படியே இருக்கிறது. சுரண்டவில்லை. அவர் என்னை மெழுகுக்காரி என்று கூப்பிடுவாரே, அந்த மெழுகு. வரும் வியாழன், இருபதாம் தேதி, காலையில் எதிர்முனையை எடுத்துவிட்டுக் குடைய ஆரம்பிக்கிறேன்.

இப்படிக்கு,
அவர் மனைவி

*

மார்ச் 17, திங்கள். பஸ் டிரைவர் கையில்

அண்ணி,

உங்கள் கடிதம் இன்று மத்தியானம்தான் கிடைத்தது. தபாலில் போட்டால் நான்கு நாள், வெள்ளிக்கிழமைதான் வரும். அதனால் பஸ் டிரைவரிடம் கொடுக்கிறேன். நாளை அங்கே பார்சல் ஆபீஸில் இறக்கிவிடுவார், அவர்கள் வீட்டில் கொண்டு தருவார்கள். போன் இருபது தடவை அடித்துவிட்டேன். ஆணிக்கடைக்காரருக்கு அடித்தேன். "சொல்லப் போனேம்ப்பா. உன் பேரை எடுத்ததும் எழுதச் சொல்லுங்கன்னு கதவச் சாத்திடுச்சு" என்கிறார்.

குடையாதீர்கள். உங்கள் காலில் விழுகிறேன். அந்த மரத்தில் உள்வெடிப்பு இருக்கிறது.

சொல்லிவிடுகிறேன். நான் கிளம்பிய அன்று சாயங்காலம், அண்ணன் வெளியே மேளக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். முதல் கட்டையை மெஷினிலிருந்து இறக்கி வைத்தது நான். வாய்ப்பக்கத்து முகத்தில், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஒரு கோடு. தலைமுடி அளவுதான். எச்சில் தொட்டுத் தடவினேன். ஈரம் உள்ளே இறங்கியது. கீறல் இல்லை, வெடிப்பு. அதன்மேல் சாக்பீஸால் பெரிய பெருக்கல் குறி போட்டேன். மரத்தில் பெருக்கல் என்றால் கைவைக்காதே என்று அர்த்தம். அது எங்கள் அப்பா காலத்துக் குறி. போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். வாயைத் திறக்கவில்லை. ஒன்பது நாள் பேசாதவன் பத்தாம் நாள் நானாகப் பேசினால் தோற்றுவிட்டதாக ஆகுமே என்ற வீம்பு. குறி சொல்லிவிடும் என்று நினைத்தேன்.

அண்ணன் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் மறுநாள் மாட்டியிருக்கிறார். "நேத்துப் பய எனக்கு மரம் பாக்கச் சொல்லித் தர்றானா" என்று. என்மேல் இருந்த கோபத்தில், வெடித்த மரம் என்று தெரிந்தே உளியை விட்டிருக்கிறார். இதை உங்களிடம் எப்படிச் சொல்வேன்? தப்பு அவர் கையில் இல்லை, பிடிவாதத்தில் என்று எப்படிச் சொல்வேன்? அதனால்தான் மென்று முழுங்கினேன்.

நான் குறி போட்ட முகம் மரத்தை இரண்டாக அறுத்த முகம். அந்த முகத்துக்கு எதிர் முகம் இப்போது உங்கள் மெஷினில் இருக்கிறது. ஒன்றில் இருந்தால் மற்றதிலும் இருக்கும். மெழுகைச் சுரண்டிப் பாருங்கள்.

சூப்பர்வைசரிடம் லீவு கேட்டிருக்கிறேன். கொடுக்காவிட்டாலும் புதன்கிழமை பஸ் ஏறுவேன்.

சுருள்

*

மார்ச் 21, வெள்ளி

தம்பிக்கு,

உங்கள் கடிதம் நேற்று சாயங்காலம் கிடைத்தது. பார்சல் ஆபீஸ்காரர் செவ்வாய்க்கிழமையே வந்ததை மேஜை டிராயரில் வைத்து மறந்துவிட்டாராம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டையில் வெடிப்பு இருக்கிறது. இனிமேல் கடைய மாட்டேன்.

நீங்களும் இதைப் பற்றி இனிமேல் எழுத வேண்டாம். போனது போகட்டும்.

*

மார்ச் 26, புதன்

அன்புள்ள அண்ணிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் பிழைத்தது போதும். வேறு எதுவும் கேட்க மாட்டேன். ஆனால் அந்தக் கடிதத்தில் நான் சொன்னதற்கு நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. "உன் வீம்பாலதான்டா செத்தாரு" என்று எழுதியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நீங்கள் சும்மா இருப்பதைப் பார்த்தால் அதைவிடப் பெரிதாக ஏதோ நினைக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

எனக்குத் தெரியும். குறி போட்டது எச்சரிக்கை என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன். உள்ளே, "பாத்தியா, நான் சொன்னது சரியாப் போச்சு" என்று ஒரு கொழுப்பு இருந்தது. அந்தக் கொழுப்பு சாக்பீஸ் கோட்டிலேயே தெரிந்திருக்கும். அண்ணனுக்குத் தெரியாதா என் கை? அதனால்தான் அவருக்குச் சுருக்கென்று ஏறியிருக்கிறது. கட்டையை மாட்டியது அவர். மாட்ட வைத்தது நான்.

தொழிற்சாலையில் கட்டையைத் தள்ளும்போது ஒவ்வொரு முகத்தையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். சூப்பர்வைசர் கத்துகிறார், "என்னய்யா, பொண்ணா பாக்க வந்திருக்க?" என்று. எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். சோறு இறங்கவில்லை. வீட்டில் என் உளிகள் ஏழு இருக்கும். யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

சுருள்

*

ஏப்ரல் 1, செவ்வாய்

தம்பி,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டேன். இது நான்காவது. இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

முதலில் வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். காலையில் கயிற்றை இடுப்பில் கட்டி எதிர்முனையை எடுத்தேன். நடுவில் துளை போட்டு உளியை உள்ளே விட்டேன். ஒரு அங்குலம் ஒழுங்காகப் போயிற்று. சீவல் நாடாவாக வந்தது. அப்புறம் நாடா அறுபட ஆரம்பித்தது. துண்டு துண்டாக, அதுவும் ஒரே அளவில். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை, டக் என்று உளியில் ஒரு சின்ன இடி. கையால் உணர்ந்தேனா, காதால் கேட்டேனா தெரியாது. அவர் என் பின்னால் நின்று "விடு" என்ற மாதிரி இருந்தது. உளியை உருவிக்கொண்டு பின்னால் சாய்ந்தேன். கயிறு இழுத்தது. மெஷின் நின்றது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் கத்தியை எடுத்து முகத்து மெழுகைச் சுரண்டினேன். முடி அளவுக் கோடு, நடுவிலிருந்து விளிம்புக்கு. நீ சொன்னது போலவே. உன் கடிதத்தைப் பார்க்கும் முன்பே அதைப் பார்த்துவிட்டேன்.

மரம் நல்ல மரம் என்று நிரூபிக்கத்தானே இவ்வளவும் செய்தேன்? மரமே காட்டிக் கொடுத்துவிட்டது.

சாயங்காலம் உன் கடிதம் வந்தது. அதில் பெருக்கல் குறி என்று படித்ததும் கடிதத்தை மடித்துக் கீழே வைத்துவிட்டேன்.

தம்பி, உன் அண்ணன் அந்தக் குறியைப் பார்க்கவில்லை.

நான் துடைத்தேன்.

நீ போன அன்று சாயங்காலம் வழக்கம்போல் மெழுகு உருக்கிக்கொண்டு வந்தேன். கட்டை தரையில் இருந்தது. முகத்தில் பெரிய பெருக்கல். அந்த ஒன்பது நாளில் நீங்கள் இரண்டு பேரும் பெருக்கல் போடாத பொருள் உண்டா? டம்ளரில், ஸ்டூலில், அவர் சட்டை மாட்டுகிற ஆணியில். அவர் செருப்பில்கூடப் போட்டிருந்தாய். "போனதும் போனான், போற போக்குல ஒண்ணு கிறுக்கிட்டுப் போயிருக்கான்" என்றுதான் நினைத்தேன். அவர் உள்ளே வந்து அதைப் பார்த்தால் பஸ் ஸ்டாண்டுவரை ஓடி உன்னோடு மல்லுக்கு நிற்பார். இன்று ஒரு நாளாவது வீட்டில் சத்தமில்லாமல் இருக்கட்டும் என்று ஈரத்துணியால் துடைத்தேன். சாக்பீஸ் பொடி இருந்தால் மெழுகு ஒட்டாது என்று இரண்டு தடவை துடைத்தேன். அதன்மேல் இரண்டு பூச்சு. கோடு இருந்த இடம் தெரியாமல் மூடினேன்.

அவர் வந்து பார்த்தார். கையால் தடவினார். "மெழுகுக்காரி கை பட்டா கட்டையும் கண்ணாடிதான்" என்றார். எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம்.

இதை நினைக்காத நாள் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உன் கடிதம் வரும்வரை எனக்கு ஞாபகமே இல்லை. துணியால் துடைப்பதை யார் ஞாபகம் வைப்பார்கள்? படித்ததும் வந்துவிட்டது, துணியின் நிறம்வரை. அப்போது எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? யாருக்கும் தெரியாது, பேசாமல் இருந்துவிடலாம் என்று. அவர் பிடிவாதத்தில் செத்தார் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள் என்று. அதனால்தான் நாலு வரியில் ஒரு கடிதம் போட்டேன். உன்மேல் பழி போட்டு இரண்டு மாதத்துக்கு மேல் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவள், அது என் பழி என்று தெரிந்தபிறகு உன் அண்ணன் தலையில் வைத்துவிட்டுப் போகப் பார்த்தேன். ஆணிக்கடைக்காரர் மனைவியைவிட நான் மோசம்.

அப்புறம் உன் அடுத்த கடிதம் வந்தது. சோறு இறங்கவில்லை என்று எழுதியிருந்தாய். உளிகளைக் கொடுத்துவிடச் சொல்லியிருந்தாய். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

அவர் உன்மேல் கோபத்தில் சாகவில்லை. அன்று காலை, கட்டையை மாட்டும்போது, "சுருளு ரெண்டு நாள்ல வந்துருவான், கழுத வேற எங்க போகும்" என்றுதான் சொன்னார். இதையும் நான் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். ஏன் என்று கேட்காதே. கொடுக்க மனசு வரவில்லை.

உளிகளை யாருக்கும் கொடுக்கவில்லை. எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

கட்டையை அளந்து பார்த்தேன். வெடிப்பு நான்கு விரல் ஆழம்தான். ஐந்து விரல் அறுத்துத் தள்ளினால் மீதி சுத்தம். எச்சில் தொட்டும் பார்த்துவிட்டேன், தட்டியும் பார்த்துவிட்டேன். குட்டை மேளம் ஆகும். மேளக்காரரிடம் கேட்டேன். "குட்டையா இருந்தா மடியில வச்சு வாசிச்சுக்கறேன்" என்கிறார். ஆனால் கயிற்றை நம்பி மறுபடி குடைய எனக்குத் துணிச்சல் இல்லை.

இன்னொன்று. அந்த வியாழக்கிழமை, கத்தியை வைத்துவிட்டுத் திரும்பியபோது வாசலில் இருந்த மரத்தூளில் ஒரு செருப்புத் தடம் இருந்தது. படிக்கு வெளியே. இடது குதிகால் தேய்ந்த தடம். எனக்குத் தெரிந்து ஒருத்தன்தான் அப்படித் தேய்ப்பான். நீ வந்தாயா?

நீ என்ன நினைத்தாலும் சரி. எழுதாமல் இருந்தாலும் சரி.

அண்ணி

*

ஏப்ரல் 8, செவ்வாய்

அண்ணி,

வந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடி வந்தேன். தெருமுனையிலேயே மெஷின் சத்தம் கேட்டது. செருப்பு ஒன்று கழன்றுகொண்டது, திரும்பிப் போய் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்னும் புரியவில்லை. வாசலுக்கு வரவும் சத்தம் நின்றது. அன்றைக்கும் இப்படித்தானே நின்றிருக்கும் என்று நினைத்தேன். பார்த்தால் நீங்கள் மெஷின் முன் நின்று கத்தியால் மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தீர்கள். முதுகுதான் தெரிந்தது. தோள் அசைந்தது. அது போதும் என்று நின்றேன். படியை மிதிக்காதே என்று சொல்லியிருந்தீர்களே. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். லீவு இல்லாமல் போனதற்கு மூன்று நாள் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அந்த மூன்று நாளும் மேலே படுப்பவன் சமைத்துப் போட்டான். உப்பு அள்ளிப் போடுவான். பரவாயில்லை.

உங்கள் கடிதத்தை சனிக்கிழமை காலையில் படித்தேன். படித்துவிட்டுக் கடலோரம் போய் நடந்தேன். கோபம் வந்தது, அண்ணி. வரவில்லை என்று சொன்னால் அது இன்னொரு மெழுகுப் பூச்சுதான். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, "என்னடா இது" என்று அண்ணனிடம் காட்டியிருக்கக் கூடாதா என்று நாளெல்லாம் உங்களோடு மனசில் சண்டை போட்டேன். சாயங்காலம் ஆனபோது செருப்பு ஞாபகம் வந்தது. அண்ணன் செருப்பில் பெருக்கல் போட்டவன் நான். அப்பா காலத்துக் குறியை டம்ளரிலும் ஸ்டூலிலும் போட்டு நாங்கள்தான் கெடுத்தோம். உயிர் காக்கிற குறி எது, வம்புக்குப் போட்ட குறி எது என்று நீங்கள் எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்?

கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. பாதி பஸ்ஸில் போகும். மீதியைப் பட்டறையில் பார்த்துக்கொள்ளலாம். நீங்களும் என்மேல் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பீர்கள். வைத்திருங்கள், பழகின சாமான்தான்.

"கழுத வேற எங்க போகும்" என்றாரா? அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். மேலே படுப்பவன் "ஊர்ல யாருக்காச்சும் கல்யாணமா, இப்படிச் சிரிக்கிற?" என்று கேட்டான். நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று நினைத்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு போன் செய்ய எடுத்தேன். எடுத்து, பேசிப் பார்த்தேன், சும்மா, நம்பர் போடாமல். "அண்ணி" என்று. எனக்கே அவர் கூப்பிட்ட மாதிரி இருந்தது. கீழே வைத்துவிட்டேன். உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

வேலையை விட்டுவிட்டேன். இந்தக் கடிதம் சனிக்கிழமை வரும், நான் திங்கள் காலை பஸ்ஸில் வருவேன். ஐந்து விரல் இல்லை, ஆறு விரல் அறுங்கள். வெடிப்பின் நுனி கண்ணுக்குத் தெரிவதைவிட ஒரு விரல் தள்ளித்தான் இருக்கும். இல்லை, அறுக்காதீர்கள், வந்து இரண்டு பேரும் அறுக்கலாம். குடையப் போவது நீங்கள். அந்த டக் சத்தம் கேட்ட கை உங்களுடையது. சுவிட்சுப் பக்கம் நான் நிற்கிறேன். டீ போடப் போக மாட்டேன்.

சாக்பீஸ் டப்பா ஜன்னலில் இருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். இனி எது இருந்தாலும் மெஷினை நிறுத்திவிட்டு வாயால் சொல்வோம்.

படியை மிதிக்க மாட்டேன். வெளியே நின்று "அண்ணி" என்று ஒரு தடவை கூப்பிடுவேன். அதே குரல்தான், மாற்ற முடியாது. பயப்படாமல் வந்து கதவைத் திறங்கள். சின்னவர்தான்.

சுருள்